புத்தகத்தில் இல்லாத அண்ணன்

"மூலக்கதையில் இல்லாத ஓர் அண்ணனைக் கொண்டுவந்து படத்துக்குள் நுழைத்தது யார் செய்த பாவமோ! அந்த ஆளை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டால் இது அருமையான படம்."

போனைப் பார்த்துக்கிட்டே என் வீட்டுக்காரி இதைச் சத்தமா வாசிச்சா. நான் கடையில ஒரு சோபாவைக் கவுத்துப் போட்டு, பழைய ரெக்ஸின்ல இருந்த ஸ்டேப்பிள் பின்னையெல்லாம் குறடால பிடுங்கிக்கிட்டிருந்தேன்.

"யாரை எறியணுமாம்?"னு கேட்டேன்.

"அண்ணனை."

"எந்த அண்ணனை?"

"உங்க தங்கச்சிக்கு எத்தனை அண்ணன்? உங்களைத்தான்"னா. அவளுக்குச் சிரிப்பு வேற.

குறடைத் தூக்கி மூலையில வீசினேன். அது போய் மெத்தை நுரைக் கட்டு மேல விழுந்து சத்தமே வரலை. அதுல இன்னும் கோவம் ஏறிடுச்சு. நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் உசிரோட இருக்கான். மூச்சு விடுறான், வரி கட்டுறான், பல்லு வலிச்சா அழுறான், ஊர்ல பாதி வீட்டு சோபாவுக்கு உறை மாட்டியிருக்கான். அவன் மூஞ்சியைக்கூடப் பார்க்காத ஒருத்தன், 'இப்படி ஒரு ஆள் கிடையாது, இருந்தா கெடுதல்'னு பத்திரிகையில எழுதுறான். எழுதுற கைக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

படம் வந்த நாள்லேருந்து இதே பாட்டுதான். அதனால முதல்லேருந்தே சொல்லிடுறேன், இல்லைன்னா நான் சும்மா கத்துறேன்னு நினைப்பீங்க.

அந்தப் படம் என் தங்கச்சி எழுதின நாவல். அவளை நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன். காலேஜ்ல பாடம் நடத்தி ஓய்வும் வாங்கிட்டா, தலை பூரா நரை, ஆனாலும் எனக்குப் பாப்பாதான். நாங்க சின்னப் புள்ளைங்களா கிராமத்துல இருந்தப்போ மழை பொய்ச்சுப்போன காலத்தைப் பத்தின கதை அது. பரிசெல்லாம் வாங்குச்சு. ஊர் ஊரா கூப்பிட்டு மாலை போட்டாங்க.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆனா அந்தப் புத்தகத்தை அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் படிச்சேன். அதுல அப்பா இருக்கார், அம்மா இருக்காங்க. எங்க வீட்டுக் கறுப்பு மாடு இருக்கு, அதுக்கு ஒத்தைக் கொம்பு ஒடிஞ்சது எப்படின்னுகூட இருக்கு. பக்கத்து வீட்டு நொண்டி நாய் ரெண்டு பக்கத்துக்கு வருது. நான் இல்லை. அந்த வீட்டுல ஒரே ஒரு பொண்ணுதான். ஒத்தைப் புள்ளையாம்!

முதல்ல ஏதோ பக்கம் விட்டுப் போச்சு போலன்னு நினைச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் புரிஞ்சுது. நாய்க்குக் கிடைச்ச இடம் எனக்குக் கிடைக்கலை.

"கேளுங்களேன், உங்க தங்கச்சிதானே"ன்னா வீட்டுக்காரி. நான் கேக்கலை. கேட்டா, 'கதைன்னா அப்படித்தான் அண்ணா'ம்பா. அது எனக்குத் தெரியாதா? சரி, போகட்டும்னு முழுங்கிட்டேன். வருஷக்கணக்கா முழுங்கிட்டே இருந்தேன்.

நடந்தது இதுதான். அந்த வருஷம் ஊர்க் கிணறு எல்லாம் வத்திப் போச்சு. பெரிய வீட்டுக் கிணத்துல மட்டும் தண்ணி. பெரிய வீட்டுக்காரர் அப்பாகிட்ட சொல்லிட்டார், தண்ணி எடுத்துக்கோ, ஆனா உன் வீட்டுலேருந்து ஒரு ஆள் என் வீட்டுல வேலைக்கு இருக்கணும்னு. நான் போனேன். மாட்டுக் கொட்டகையைக் கூட்டுறது, சாணி அள்ளுறது, தண்ணி சேந்துறது. தினம் காலையில பாப்பா இடுப்புல குடத்தை வெச்சுக்கிட்டு வருவா. நான் சேந்தி ஊத்துவேன். பாதியை வழியெல்லாம் சிந்திக்கிட்டே போவா. போய் குடத்தை இறக்கிட்டு, பையை எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடம் போவா. நான் போகலை. மழை வந்தப்புறமும் என்னை உடனே விடலை. விட்டப்போ நான் பெஞ்சுக்குப் பெரிய ஆளாயிட்டேன். அப்புறம் டவுனுக்கு வந்து குஷன் வேலை பழகினேன்.

புத்தகத்துல அந்தக் கிணறு வருது. அதுல அந்தப் பொண்ணே கயித்தைப் பிடிச்சுத் தண்ணி சேந்துறா. பாப்பா! சோத்துத் தட்டையே ரெண்டு கையால தூக்குறவ!

சரி, புத்தகத்தோட போயிருந்தா இந்தக் கதையே கிடையாது. கெட்ட நேரம், ஒரு நாள் என் கடை வாசல்ல ஒரு பழைய கார் வந்து நின்னுச்சு. டிரைவர் சீட்டு கிழிஞ்சு உள்ளே இருந்த நாரெல்லாம் வெளியில எட்டிப் பார்க்குது. காருக்குச் சொந்தக்காரர் இறங்கினவர் போன்லயே பேசிக்கிட்டிருக்கார். பேச்சுல பாப்பா பேரு வந்துச்சு, நாவல்னு வந்துச்சு, ஷூட்டிங்னு வந்துச்சு.

அவர் போனை வெச்சதும், "அது என் தங்கச்சிங்க"ன்னேன். எதுக்குச் சொன்னேன்? வாய் சும்மா இருக்கணுமே!

அவர்தான் டைரக்டர். அப்படியே நுரைக் கட்டு மேல உக்காந்துட்டார். சீட்டைப் பிரிச்சு, நுரை வெட்டி, உறை தெச்சு மாட்டுற வரைக்கும் நகரலை. டீ மேல டீயா குடிச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தார். நானும் கொட்டிட்டேன். அதுவரைக்கும் யாரும் என்னை அந்தக் காலத்தைப் பத்திக் கேட்டதே இல்லைங்க. கடைசியில, "அந்தப் பெரிய வீட்டுக்காரர் மேல உங்களுக்குக் கோவமே வரலையா?"ன்னார். நான் சீட்டு ஓரத்துக்குப் பைப்பிங் தெச்சுக்கிட்டே விளையாட்டுக்குச் சொன்னேன், "வராம என்ன சார்? கையில ஒரு அரிவாள் இருந்திருந்தா ஒரே போடு"ன்னு.

தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அந்த மனுஷன் போய் அதை அப்படியே படமா எடுத்துட்டார்.

படத்துல அண்ணன் வர்றான். எப்படி வர்றான்? மாட்டோட சேர்ந்து ஆடிக்கிட்டு வர்றான். சோளக்காட்டுல ஒரு பொண்ணோட பாட்டு. மார்ல எண்ணெய் தடவிக்கிட்டு கிணத்துக்குள்ள குதிக்கிறான். கடைசியில அரிவாளை எடுத்து பெரிய வீட்டுக்காரரை நடு வாசல்ல வெட்டிச் சாய்க்கிறான். ரத்தத்தைப் பார்த்ததும் மழை வேற கொட்டுது, அதுவரைக்கும் மேகத்துக்குள்ள ஒளிஞ்சு நின்னு பார்த்துக்கிட்டிருந்திருக்கும் போல. நான் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லைங்க. பெரிய வீட்டுக்காரர் வயசாகி, படுக்கையில கிடந்துதான் செத்தார்னு ஊரே அறியும்.

தியேட்டர்ல விசில் பறக்குது. நான் சீட்டுல குறுகிப்போய் உக்காந்திருக்கேன். வீட்டுக்காரி காதுக்குள்ள கேக்குறா, "அந்தச் சோளக்காட்டுப் பொண்ணு யாருங்க?"

"சத்தியமா அது அந்த ஆளோட கற்பனை."

"கிணறு மட்டும் நிஜம், சோளக்காடு மட்டும் கற்பனையா? நல்லா இருக்கே!"

அன்னைக்கு வீட்டுக்கு வந்து முகம் கொடுத்துப் பேசலை அவ. எடுத்தவன் நல்லா இருக்கான், பேச்சு வாங்குறது நான்.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க திருவிழா. கடைக்கு வர்றவங்கல்லாம் அந்தப் பேச்சுதான். ஒருத்தர் சேர் உறையை மாத்தக் கொண்டுவந்துட்டு, "அந்த அண்ணன் வெட்டுறப்ப புல்லரிச்சுப் போச்சு பாஸ்"ங்கிறார். நான் அளவெடுக்குற டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு முழிக்கிறேன். பத்திரிகைக்காரங்க, போன்ல விமர்சனம் பேசுறவங்கல்லாம் இன்னொரு பக்கம். 'ஒட்டாத அண்ணன்', 'வியாபாரத்துக்காகப் பெத்த அண்ணன்', 'நாவலுக்குச் செய்த துரோகம்'. அதுல தலைமை தாங்கினவர்தான் ஆரம்பத்துல சொன்ன, கத்தரிச்சு எறியச் சொன்ன ஆள். வட்டமா பெரிய கண்ணாடி போட்டிருப்பார். எங்க வீட்டுல அவருக்குக் கண்ணாடிக்காரர்னே பேரு.

பிடிச்சவனுக்கு நான் கொலைகாரன். பிடிக்காதவனுக்கு நான் ஆளே கிடையாது. நடுவுல சாணி அள்ளினவன் ஒருத்தன் இருந்தானே, அவனைப் பத்திப் பேச ஒரு நாதியும் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஊரு வாயை மூட உலைமூடி ஏது? ஆனா ஒரு சாயங்காலம் டிவியில பாப்பா வந்தா. பேட்டி எடுத்த பொண்ணு நேராவே கேட்டுச்சு, "மேடம், அந்த அண்ணன் உண்மையிலேயே இருந்தவரா?"

பாப்பா குனிஞ்சு கையைப் பார்த்தா. அப்புறம் நிமிர்ந்து, "என் கதையில அண்ணன் கிடையாது. அதை டைரக்டர்கிட்டதான் கேக்கணும்"னா.

வீட்டுக்காரி எழுந்து போய் டிவியை அணைச்சுட்டா. அதுவரைக்கும் கேலி பண்ணிக்கிட்டிருந்தவ, அன்னைக்கு என் பக்கத்துல வந்து உக்காந்தா.

கதையில கிடையாது, சரி. வாஸ்தவம். அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தா என்ன? 'ஆனா எனக்கு அண்ணன் ஒருத்தர் இருக்கார்'னு. நாக்கு சுளுக்கிக்குமா? காசா பணமா கேக்குறேன்? எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அவ வாயால, நாலு பேர் முன்னாடி. அது வந்துட்டா கண்ணாடிக்காரர் என்னைக் கத்தரிச்சாலும் சரி, கொளுத்தினாலும் சரி.

வாரா வாரம் பேசிக்கிறவங்கதான் நாங்க. படம் வந்ததுலேருந்து அவளும் கூப்பிடலை, நானும் கூப்பிடலை. ரோஷம். அது மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல பங்கு பிரிச்சிருக்கு.

இப்படி இருக்குறப்போ டைரக்டர் போன் பண்ணார். குரலே கம்மிப் போயிருந்துச்சு மனுஷனுக்கு. ஞாயித்துக்கிழமை காலைக் காட்சி முடிஞ்சதும் தியேட்டர்லயே ஒரு கலந்துரையாடல், பாப்பா வர்றா, கண்ணாடிக்காரரும் வர்றார், ஜனங்களும் பேசலாம்னு சொன்னார்.

"அண்ணே, உங்களை மேடையில ஏத்தி, இவர்தான் அந்த அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லிடவா? அத்தனை வாயும் அடைச்சிடும்."

"நீங்க வாயைத் திறந்தீங்கன்னா, அடுத்த தடவை உங்க சீட்டுக்குள்ள ஆணியை வெச்சுத் தைப்பேன்"னேன். "சொன்னா அவ சொல்லணும். நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு பிச்சை."

"போகாதீங்க, உங்க வாய் சும்மா இருக்காது"ன்னா வீட்டுக்காரி.

"நான் வாயே திறக்க மாட்டேன்."

"ஆமாமா, அன்னைக்குச் சூரியனும் மேற்கால வரும்"னு சொல்லிட்டு அவளும் கிளம்பி வந்தா.

அரங்கம் நிரம்பி வழியுது. அந்த தியேட்டர் சீட்டுக்கெல்லாம் உறை போட்டது நான்தான். உக்காந்ததும் கை தானா தையலைத் தடவிப் பார்த்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. மேடையில மூணு நாற்காலி. பாப்பா முடியை இறுக்கிக் கட்டிக்கிட்டு நடுவுல உக்காந்திருக்கா. என்னைப் பார்த்துட்டா. உடனே குனிஞ்சு தண்ணி பாட்டிலோட மூடியைத் திருக ஆரம்பிச்சுட்டா.

முதல்ல கண்ணாடிக்காரர் பேசினார். நல்லா பேசுறார், அதைச் சொல்லணும். "துணைன்னு யாருமே இல்லாத ஒரு சின்னப் பொண்ணு. அந்தத் தனிமைதான் இந்த நாவலோட உயிர். பக்கத்துல ஒரு அண்ணனை நிறுத்தினதும் அந்த உயிர் போயிடுச்சு"ன்னார். முன் வரிசையெல்லாம் கை தட்டுச்சு.

பின்னாடியிலேருந்து ஒருத்தன் எழுந்து, "அண்ணன் இல்லைன்னா படமே இல்லை சார்! அந்த வெட்டுக்காகவே நாலு தடவை பார்த்தேன்!"னு கத்தினான். விசில் அடிச்சாங்க. டைரக்டர் நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டார்.

அப்புறம் ஒரு அம்மா மைக்கை வாங்கினாங்க. கையில அந்தப் புத்தகம், ஓரமெல்லாம் மடங்கிக் கிடக்கு. "நான் இதை என் மகளுக்குப் படிச்சுக் காட்டி வளர்த்தேன். யாரையும் எதிர்பார்க்காம ஒரு பொண்ணு தானே போய் தண்ணி கொண்டு வர்றா. அதைப் படிச்சுத்தான் எங்களுக்குத் தைரியம் வந்துச்சு. அந்தக் கயித்தைப் பிடுங்கி ஒரு ஆம்பளை கையில கொடுத்துட்டீங்களே, நியாயமா?"ன்னு கேட்டாங்க. குரல் நடுங்குது அவங்களுக்கு. பொய்க் கோவம் இல்லை அது. எனக்கே சுருக்குன்னுச்சு.

டைரக்டர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கிட்டார். கண்ணாடிக்காரர் சிரிச்சுக்கிட்டே பாப்பா பக்கம் திரும்பினார்.

"எழுத்தாளரே சொல்லட்டும். அப்படி ஒரு அண்ணன் இல்லாததுதானே இந்தக் கதையோட அதிர்ஷ்டம்? இருந்திருந்தா இதுவும் இன்னொரு அழுமூஞ்சிக் கதையாப் போயிருக்கும். பிறக்காம இருந்ததுக்கு அந்த அண்ணனுக்கு நாம எல்லாரும் ஒரு நன்றி சொல்லணும்."

அரங்கமே சிரிச்சுது. பாப்பா மைக்கைக் கையில எடுத்தா. "என் கதையில..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்தினா. மறுபடியும், "என் கதையில..."ன்னா.

அவ்வளவுதான், நான் எழுந்துட்டேன். வீட்டுக்காரி சட்டையைப் பிடிச்சு இழுக்குறா, பட்டன் தெறிச்சு விழுது, நான் நின்னபடி கத்துறேன்.

"யோவ்! பிறக்காததுக்கு நன்றியா? என்னய்யா பேச்சு இது? அவன் பிறந்தானா, இருக்கானா, செத்தானான்னு யாராவது ஒருத்தர்கிட்ட விசாரிச்சீரா? ஒரு மனுஷனைக் கத்தரிச்சு எறிய அவன் என்ன ரெக்ஸின் துண்டா? வெட்டுறான்னு ஒரு கூட்டம் விசிலடிக்குது, வேண்டாம்னு ஒரு கூட்டம் கை தட்டுது, அவனுக்கு மானம் ரோஷம் இருக்காதா?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, ரொம்ப மரியாதையா, "ஐயா, நீங்க யாரு?"ன்னு கேட்டார்.

அங்கதான் மாட்டிக்கிட்டேன். சொன்னா நானே சொன்னதாப் போயிடும். சொல்லாம நின்னா பைத்தியக்காரன். பாப்பாவைப் பார்த்தேன். அவ மைக்கைப் பிடிச்சபடி அப்படியே இருக்கா.

"நான் இந்த சீட்டுக்கெல்லாம் உறை தெச்சவன்!"னேன்.

சிரிப்பு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. தியேட்டர் ஆள் ஒருத்தர் ஓடி வந்து, "வாங்க பெரியவரே, வெளியில காத்தாட நிப்போம்"னு கையைப் பிடிச்சார். நான் உதறினேன். அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து இழுக்க, நான் முன் சீட்டோட கட்டையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அண்ணா, உக்காரு! எல்லாரும் பாக்குறாங்க!"

மைக்ல வந்துச்சு. எரிச்சலோட வந்துச்சு. சின்ன வயசுல நான் வீட்டுக்கு வெளியில யார்கிட்டயாவது சண்டை போட்டா, ஜன்னல்லேருந்து அவ போடுற அதே அதட்டல். அரங்கத்துல இருந்த அத்தனை ஸ்பீக்கர்லயும் அது ஒலிச்சப்புறம்தான், தான் என்ன சொன்னோம்னு அவளுக்கே தெரிஞ்சுது. கை பிடிச்சிருந்த ரெண்டு பேரும் விட்டுட்டாங்க.

"அண்ணனா?"ன்னார் கண்ணாடிக்காரர்.

"ஆமா"ன்னா பாப்பா. "எங்க அண்ணன்."

எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு. மரியாதையா உக்காந்திருக்கணும். வீட்டுக்காரிகூட, "போதுங்க, உக்காருங்க"ன்னு கெஞ்சுறா. ஆனா வருஷக்கணக்கா முழுங்கினது தொண்டையில நிக்குதே, என்ன பண்ண?

"அப்ப ஏன் எழுதலை?"ன்னேன். "நொண்டி நாய்க்கு ரெண்டு பக்கம் எழுதினே. எனக்கு ஒரு வரி இல்லையா பாப்பா?"

யாரோ சிரிச்சாங்க. அவ சிரிக்கலை.

"எழுதினேன் அண்ணா. எழுதி எழுதிக் கிழிச்சேன். உன்னைக் கொண்டு வரணும்னா, பெரிய வீட்டுக்காரர் நம்ம வாசல்ல வந்து நின்னாரே, அங்கேருந்து ஆரம்பிக்கணும். அதைத் தாண்ட என்னால முடியலை."

அப்புறம் என்னை விட்டுட்டு, அந்தப் புத்தகம் வெச்சிருந்த அம்மா பக்கம் திரும்பினா. "தண்ணிக்குப் பதிலா அவர் எங்க அண்ணனைக் கேக்கலை. வீட்டு வேலைக்குப் பொண்ணு வேணும், ராத்திரியும் அங்கேயே இருக்கட்டும்னார். அவர் கேட்டது என்னை."

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. டைரக்டர்கிட்ட சொல்லலை. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. இவ்வளவு நேரம் உங்ககிட்டயும் மறைச்சுத்தான் சொன்னேன். அந்த மனுஷன் அப்படிக் கேட்டப்போ அப்பா தலையைத் தொங்கப் போட்டுட்டார். அம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான்தான் முன்னாடி போய், அவ சின்னப் புள்ளை, ஒண்ணும் தெரியாது, நான் வர்றேன்னேன். பாப்பா உள்ளே தூங்குறான்னுதான் அன்னைக்கு நினைச்சேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"கதவுக்குப் பின்னாடி நின்னேன்"னா பாப்பா. "அண்ணன் 'நான் வர்றேன்'னு சொன்னது கேட்டுச்சு. அப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாம்மா? சந்தோஷம். அப்பாடா, நான் போக வேண்டாம்னு சந்தோஷம். தினம் அங்க போய் குடத்தை நீட்டுவேன், அண்ணன் ஊத்துவான், அப்பவும் அதே சந்தோஷம்தான். அதை எப்படி எழுதுறது? அதனால யார் துணையும் இல்லாத ஒரு தைரியசாலியை எழுதினேன். அவளை எழுதுறது எனக்குச் சுலபமா இருந்துச்சு."

அந்த அம்மா புத்தகத்தை மார்போட அணைச்சுக்கிட்டு நின்னாங்க. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழட்டிட்டார். பாப்பாவுக்குக் குரல் உடைஞ்சுக்கிட்டு வருது, அத்தனை பேரும் அவளையே பார்க்குறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. யாரு மேலன்னு கேட்டா சொல்லத் தெரியலை. இந்த ஜனங்க எதுக்கு என் தங்கச்சியை இப்படிப் பார்க்கணும்?

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க!"ன்னு கத்தினேன். "அவ எழுத்தாளர், எதையாவது பெருசு பண்ணுவா. எனக்குப் பள்ளிக்கூடம்னாலே ஆகாது. வாத்தியார்கிட்டேருந்து தப்பிச்சாப் போதும்னு நானாத்தான் ஓடிப்போய் பெரிய வீட்டுல சேர்ந்தேன். இவளுக்காக ஒண்ணும் கிடையாது. மாடு மேய்க்கிறது எவ்வளவு சுகம் தெரியுமா?"

ஜனங்க சிரிச்சாங்க. மூச்சு விட்ட மாதிரி ஒரு சிரிப்பு. கண்ணாடிக்காரரும் சிரிச்சார். நானும் பெருசா சிரிச்சுக் காட்டினேன். பெரிய வீட்டுக் கொட்டகைக்கு அடுத்த சுவர்தான் பள்ளிக்கூடம். வாய்ப்பாடு சொல்ற சத்தம் கேக்கும். சாணிக் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு, அவங்க முடிக்கிற வரைக்கும் நின்னு நானும் கூடவே சொல்லுவேன். அதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?

பாப்பா சிரிக்கலை. நாற்காலியிலேருந்து எழுந்தா. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனா.

"பொய் சொல்றான்"னா, அவ்வளவு பெரிய சபையில. "எங்க அண்ணன் பொய் சொல்றான்."